கண் ஆபரேஷன் முடிந்த சித்திக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் சித்தி இப்படி எழுதியிருந்தார்: ‘கன் ஆப்ரேசன் நல்லபடியா முடிஞ்சிது. எல்லாரும் வேன்டிகிட்டதுக்கு நண்றி.’ நான் உடனே, ‘கண், வேண்டி, நன்றி. தமிழைக் கொல்லாதீங்க சித்தி’ என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு போட்டேன். அக்கா மகன் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை போட்டான். அதற்குப் பிறகு சித்தி எதுவும் எழுதுவதில்லை. ‘காலை வணக்கம்’ படம் மட்டும் தினமும் வருகிறது. சித்தி ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். நான் செய்தது தவறு என்கிறார் மனைவி. தமிழாசிரியனே கண்டுகொள்ளாமல் போனால் வேறு யார் கேட்பது? குழுவில் இளையவர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் எழுதுகிறார்கள். முகநூலிலும் இதே கதைதான். ஓர் இலங்கைத் தமிழர் ‘பற்றறி’ என்று எழுதியதைப் ‘பேட்டரி’ என்று திருத்தினேன், சண்டைக்கு வந்துவிட்டார். இணையத்தில் பிழை திருத்துவதே தவறா? அப்படியே, வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்பதையும் சொல்லிவிடுங்கள்.
- தமிழாசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மனைவி சொன்னது சரி. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே நேரம், ‘நண்றி’யைப் பார்த்ததும் உங்களுக்கு உறுத்தியதே, அதில் தவறு எதுவும் இல்லை. மெய்ப்புப் பார்ப்பதே வேலையாக உள்ள எனக்கும் பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளில் விடுபட்ட ஒற்றுதான் முதலில் கண்ணில் படும். பழகிய கண் அப்படித்தான். கண்ணில் பட்டதைக் கை உடனே எழுதிவிட வேண்டுமா, அதையும் நாலு பேர் முன்னால் எழுத வேண்டுமா என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

சித்தியின் இரண்டு வரிகளை ஒரு புரூப் தாளைப் போல எடுத்துப் பார்ப்போம். கன், வேன்டி, நண்றி. மூன்று பிழை என்று எண்ணினீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது: மூன்று சுழி ண எங்கே, இரண்டு சுழி ன எங்கே என்ற தடுமாற்றம். மற்றபடி வரி சீராக இருக்கிறது. ல, ள எங்கும் மாறவில்லை. ‘எல்லாரும்’ சரியாக இருக்கிறது. ‘ஆப்ரேசன்’ என்ற சொல்லைப் பத்திரிகைகளே ஒரே மாதிரி எழுதுவதில்லை.

காதில் விழுவதை வைத்து எழுதுகிறவருக்கு இந்தத் தடுமாற்றம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ந-வும் ன-வும் இன்று பெரும்பாலோர் வாயில் ஒரே ஒலி. ர, ற வேறுபாட்டைக் கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சில் இன்னும் கேட்கலாம். உங்கள் ஊரிலும் சென்னையிலும் அது போய்ப் பல காலம் ஆகிறது. ழகரத்தை ளகரமாகச் சொல்லும் ஊர்கள் தெற்கே நிறைய. பேச்சு கைவிட்ட வேறுபாடுகளை எழுத்து காப்பாற்றி வைத்திருக்கிறது. அதனால் நீங்களும் நானும் காதால் கற்றதைவிடக் கண்ணால் கற்றதே அதிகம். ஒவ்வொரு சொல்லையும் அச்சில் ஆயிரம் முறை பார்த்துப் பார்த்து அதன் உருவம் மனத்தில் படிந்திருக்கிறது. நிறையப் படிக்க வாய்த்தவர்களுக்கு அது தானாக வரும். ஐந்தாம் வகுப்போடு வயலுக்கோ அடுப்படிக்கோ போனவருக்கு எங்கிருந்து வரும்?

‘நண்றி’யைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அசட்டையாக எழுதுகிறவர் எல்லா இடத்திலும் ஒரே ன-வைப் போட்டுவிட்டுப் போவார். சித்தி ஓரிடத்தில் மட்டும் தேடிப்போய் மூன்று சுழி போட்டிருக்கிறார். இரண்டு எழுத்து உண்டு, இடம் பார்த்துப் போட வேண்டும் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. அந்த வரியிலேயே அவர் அதிகம் யோசித்த எழுத்து அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் கண்ணில் கத்தி பட்ட கையோடு, பார்வை தெளிந்தும் தெளியாமலும் இருக்கும் நேரத்தில், கைபேசியின் சின்னத் திரையில் எழுதியிருக்கிறார்.

அவர் எழுதியது இரண்டு செய்திகள்: கண் பிழைத்தது, நீங்கள் எல்லாரும் வேண்டிக்கொண்டதை நான் மறக்கவில்லை. போன பதில்கள் இரண்டு: உங்கள் திருத்தம், அக்கா மகனின் சிரிப்பு. சொட்டு மருந்து எத்தனை வேளை, எந்தக் கண், துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஒருவேளை கேட்டிருந்து, எழுத விட்டுப்போயிருக்கலாம். சித்தி நினைவில் நிற்பது எது என்பதைக் காலை வணக்கப் படங்கள் சொல்கின்றன. படத்தில் எழுத்து வேறு யாரோ அச்சடித்தது. அதில் அவர் மேல் பிழை சொல்ல முடியாது. அவர் குழுவை விட்டுப் போகவில்லை என்பதை மட்டும் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் நெடுநேரம் நின்ற வரி, இளையவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறார்கள் என்பது. பட்டம் படித்த பிள்ளைகள் எழுதும் அந்தத் தமிழில் ண, ன சிக்கலே கிடையாது, ஏனென்றால் தமிழ் எழுத்தே கிடையாது. அவர்களை நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. தமிழ் எழுத்தில் தட்டுத் தடுமாறி எழுதிய ஒருவரைத்தான் திருத்தியிருக்கிறீர்கள், இப்போது அவரும் நிறுத்திவிட்டார். தமிழ் என்னாகும் என்ற உங்கள் கவலை உண்மையானது. எனக்கும் அது உண்டு. அந்தக் கவலைக்கு உங்கள் குழுவில் துணையாக இருந்தவரே சித்திதான்.

புதுக்கோட்டைக்காரரான உங்களுக்கு அறிவொளியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் உங்கள் மாவட்டத்துப் பெண்கள் பகலெல்லாம் கூலி வேலை பார்த்துவிட்டு இரவில் விளக்கடியில் எழுத்துக் கூட்டினார்கள். ஊர் பேச்சைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் பழகினார்கள். அப்படி எழுத்தைக் கற்றவர்களுக்குப் பிறகு வந்த பெரிய கஷ்டம், எழுத வேலையே இல்லாமல் போனது. கையெழுத்துப் போடுவதோடு சரி. கற்ற எழுத்து மெல்ல மறந்துபோகும். கைபேசி வந்த பிறகுதான் அவர்களில் பலருக்கு எழுதுவதற்கு ஒரு காரணமும், படிப்பதற்கு ஆட்களும் கிடைத்தார்கள். உங்கள் சித்திக்கு அந்தக் குழு எவ்வளவு பெரியது என்பதை இதை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். ‘முடிஞ்சிது’வையும் ‘நல்லபடியா’வையும் நீங்கள் தொடவில்லை. நல்லது. அவை பேச்சுத் தமிழ் என்று உங்களுக்கே தெரிகிறது. தமிழில் எழுதுவது ஒரு மொழி, பேசுவது இன்னொரு மொழி என்னும் அளவுக்கு இடைவெளி உண்டு. வாட்ஸ்அப்பில் நடப்பது விரலால் பேசும் பேச்சு. அந்தப் பேச்சுக்கு இலக்கண நூல் எழுதிக்கொடுத்தவர் யாரும் இல்லை. முடிஞ்சுது, முடிஞ்சிது, முடிஞ்சிச்சு, முடிஞ்சிருச்சு எல்லாமே வரும், ஊருக்கு ஊர் மாறும். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். ‘கண்’ணும் ‘நன்றி’யும் அப்படி அல்ல, அவற்றுக்கு ஒரே எழுத்துத்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரையாடலின் நடுவில் பேச்சுத் தமிழுக்கு விலக்கு அளித்த அதே பெருந்தன்மையில் இந்த மூன்று எழுத்தையும் சேர்த்திருக்கலாம்.

‘பற்றறி’ விஷயத்தில் நீங்கள் திருத்தியதே தவறு. ஈழத்தில் ற்ற என்பதை உச்சரிக்கும் விதம் நம்முடையதிலிருந்து வேறு. ஆங்கிலத்தின் ‘ட்’ ஒலிக்கு அது மிக நெருங்கி வரும். அதனால் அங்கே பற்றறி, சொக்லற், ரிக்கற் என்று எழுதுவது வழக்கம். கனடாவின் பெரிய நகரத்தை அவர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதும் இந்த முறையில்தான். அங்கே செய்தித்தாள்களில் தலைமுறைகளாக இருந்துவரும் எழுத்து மரபு இது. பேட்டரி என்று நாம் எழுதுவது தமிழ்நாட்டு வழக்கம், அவ்வளவுதான். ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் உங்கள் ‘பேட்டரி’யை ‘பற்றறி’ என்று திருத்தினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அவரிடம் ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டவர்கள் இந்தத் தவறை அடிக்கடி செய்கிறோம். அவர்களுக்கு அது வலிக்கிறது.

உங்களைப் போலவே எனக்கும் ஒற்றும் சுழியும் முக்கியம் என்பதால் ஒன்று சொல்கிறேன். பனையோலையில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. குறில் எ, நெடில் ஏ இரண்டுக்கும் ஒரே உருவம். உ.வே.சாமிநாதையர் அந்த ஏடுகளைப் பொருளை வைத்தே படித்தார். எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்பதை முதலில் பிடித்தார், எழுத்து எது என்பதை அதன் பிறகு முடிவு செய்தார். பதிப்பு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறோம். சித்தியின் வரியில் நீங்கள் வரிசையை மாற்றிவிட்டீர்கள்.

எழுத்துப் பிழையைப் பார்த்ததும் நாம் பெரும்பாலும் எழுத்தோடு நிற்பதில்லை, ஆளையே எடைபோட்டுவிடுகிறோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்டும் ராபின் குவீனும் 2016-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் உடன் தங்க ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு வந்த மின்னஞ்சல்கள் என்று சிலவற்றை 83 பேரிடம் கொடுத்து, எழுதியவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிழையோடு எழுதியவர்களுக்கு மதிப்புக் குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: எவ்வளவு குறைத்தார்கள் என்பது படித்தவரின் குணத்தைப் பொறுத்து மாறியது. கலகலப்பாகப் பழகுகிறவர்கள் பிழையைத் தாண்டிப் போனார்கள். விட்டுக்கொடுக்கும் குணம் குறைந்தவர்கள் இலக்கணப் பிழைகளைக் கடுமையாக எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தை வைத்துச் செய்த ஆய்வு அது. நம் ஊரில் குணத்தோடு இன்னும் சிலவும் சேர்ந்துகொள்கின்றன. யார் வீட்டில் புத்தகம் இருந்தது, யார் பள்ளிக்குப் போக முடிந்தது, யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்பதெல்லாம் ண-ன தடுமாற்றத்துக்குள் இருக்கிறது. முகநூல் சண்டைகளில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தன் ஊரில் நடந்த அநியாயத்தைப் பற்றி எழுதுவார். எதிர்த்துப் பேச வாதம் இல்லாத இன்னொருவர் ‘முதலில் தமிழை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்’ என்று முடித்துவிடுவார். பிழை திருத்தத்தை வாயடைக்கும் ஆயுதமாக எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அது என் தொழிலுக்கே அவமானம் என்று. உங்கள் நோக்கம் அதுவாக இல்லை. விளைவு மட்டும் அதேதான்: ஒருவர் வாய் அடைத்துப்போனது.

அப்படியானால் பிழையே திருத்தக் கூடாதா? திருத்த வேண்டும், கடுமையாகவே. எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள். தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தில் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று வந்தால் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள், பொதுவெளியிலேயே கேளுங்கள். அரசு அறிவிப்புப் பலகை, பாடநூல், விளம்பரம், புத்தகம், செய்தி, மருந்துக் குறிப்பு, இவற்றில் பிழை வந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தே கற்கிறார்கள். சித்தி போன்றவர்கள் கண்ணால்தான் எழுத்தைக் கற்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, அவர்கள் பார்க்கும் எழுத்து சரியாக இருக்க வேண்டியது நம் பொறுப்பு. உங்கள் கோபம் முழுவதற்கும் அங்கே வேலை இருக்கிறது. நாளை சித்தியே பேத்தியின் அழைப்பிதழ் வாசகத்தை உங்களுக்கு அனுப்பி, ‘சரியா இருக்கா பாருப்பா’ என்று கேட்டால் ஒரு ஒற்றைக்கூட விடாதீர்கள். அது அச்சுக்குப் போவது, அவரே கேட்டது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் மெய்ப்புப் பார்த்த பிறகே அச்சாகின்றன. யார் கடிதத்தில் எத்தனை பிழை இருந்தது என்பது எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்வதில்லை. நீங்களும் பள்ளியில் இதைத்தான் செய்கிறீர்கள் என்று நம்புகிறேன்: நோட்டில் சிவப்பு மையில் திருத்துவீர்கள், வகுப்பில் எழுந்து நிற்க வைத்து ‘இவன் எழுதியதைப் பாருங்கள்’ என்று வாசித்துக் காட்டமாட்டீர்கள். குடும்பக் குழுவில் நடந்தது அந்த இரண்டாவது.

முகநூலில் முன்பின் தெரியாதவர்களின் பிழைகளில் பாதிக்கு விரல்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில விசைகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறைகள் பலவற்றில் சின்ன எழுத்துக்கு ல, பெரிய எழுத்துக்கு ள. ஷிஃப்டை அழுத்த மறந்தால் பள்ளி பல்லியாகிவிடும். பேசினால் தானே எழுதும் வசதியும் தன் இஷ்டத்துக்கு எழுதிவைக்கும். ஆகவே தெரியாதவர் எழுதியது நல்ல பதிவாக இருந்து, பலர் பகிர்வார்கள் என்று தோன்றினால் தனிச்செய்தியில் ஒரு வரி போடுங்கள்: ‘நல்ல பதிவு. மூன்றாம் வரியில் பள்ளி என்பது பல்லி என்று விழுந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.’ விழுந்திருக்கிறது என்றே எழுதுங்கள். எழுதியிருக்கிறீர்கள் என்று வேண்டாம். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். தாமாகச் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு ‘வாணி’ என்ற எழுத்துப்பிழை திருத்தி இணையத்திலேயே இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லிவிடலாம்.

இனிச் சித்தியிடம் எப்படிப் போவது என்று பார்ப்போம்.

குழுவில் மன்னிப்புக் கேட்காதீர்கள். மறுபடி எல்லார் கண்ணும் அவர் எழுத்தின் மேல் விழும். ‘ஏன் சித்தி இப்பல்லாம் எழுத மாட்டேங்கிறீங்க’ என்றும் அங்கே கேட்காதீர்கள். பக்கத்து ஊர் என்றால் நேரில் போங்கள், இல்லாவிட்டால் போனில் கூப்பிடுங்கள். முதலில் கண்ணைப் பற்றிக் கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். பிறகு ஒரே வாக்கியம் போதும்: ‘அன்னிக்கு நான் அப்படிப் போட்டது தப்பு சித்தி.’ விளையாட்டுக்குத்தான் போட்டேன், தமிழாசிரியன் இல்லையா என்றெல்லாம் இழுக்காதீர்கள். அவர் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா’ என்பார். அதை நம்பிவிட வேண்டாம். சில வாரம் பொறுத்திருங்கள்.

அக்கா மகனிடமும் தனியாகப் பேசுங்கள். அவன் சிரித்தது உங்களைப் பார்த்துத்தான். நீங்கள் தொடங்காவிட்டால் அவன் பாட்டுக்குப் போயிருப்பான். ‘சின்னப் பாட்டிக்கு ஒரு போன் போடு’ என்று சொன்னால் போதும், பாடம் எடுக்க வேண்டாம்.

குழுவில் ஒருநாள் சித்திக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். குலதெய்வக் கோயில் படையலுக்கு எதெல்லாம் வைப்பது, தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தவர், அம்மா செய்த உப்புக்கண்டத்துக்கு எத்தனை நாள் வெயில், இப்படி ஏதாவது. படம் அனுப்பிப் பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்கட்டும். அவர் எழுதினால், எழுதியதற்குப் பதில் சொல்லுங்கள். பேச்சுவாக்கில் அவர் தடுமாறிய சொல் உங்கள் பதிலில் சரியான எழுத்தோடு வரலாம்: ‘கண் இப்ப நல்லாத் தெரியுதா சித்தி? அன்னிக்கே கேட்டிருக்கணும்.’ கண் என்ற சொல்லை அவர் பார்ப்பார். தடித்த எழுத்தும் வேண்டாம், நட்சத்திரக் குறியும் வேண்டாம். குழந்தைகள் பேச்சுக் கற்பது இந்த வழியில்தான், பெரியவர்கள் எழுத்துக் கற்பதும் இதே வழியில் முடியும்.

அவராக என்றைக்காவது ‘எனக்கு இந்த ண, ன மட்டும் வரவே மாட்டேங்குது’ என்று சொன்னால், அன்றைக்கு நீங்கள் ஆசிரியராகலாம். அவருடைய மூன்று பிழைகளில் இரண்டைத் தீர்க்கும் வழி மிகச் சின்னது: ட-வுக்கு முன்னால் மூன்று சுழி ண், ற-வுக்கு முன்னால் இரண்டு சுழி ன், த-வுக்கு முன்னால் ந். வண்டி, கன்று, பந்து. வேண்டி, நன்றி, வந்து. நீங்கள் வகுப்பில் இன எழுத்து என்று நடத்துவதுதான். இதைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தால் அவர் சமையலறை அலமாரியில் ஒட்டிவைத்துக்கொள்வார். கண், மண், பெண் மூன்றும் பழக்கத்தில்தான் வரும்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்ற கேள்விக்கு: எங்கள் பதிப்பில் க் இல்லாமல் ‘வாழ்த்துகள்’ என்றே போடுகிறோம், எழுத்துகள், கருத்துகள் என்பதைப் போல. க் சேர்த்து எழுதுவதும் நெடுநாளாக அச்சில் இருக்கிறது, அதற்கு வாதாடும் தமிழறிஞர்களும் உண்டு. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். மாணவர்கள் எதை எழுதினாலும் மதிப்பெண் குறைக்காதீர்கள்.